அடைப்பு எங்கே?

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மாலை, ஹந்தானைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் மாணவன் ஒருவன் மழையில் நனைந்தபடி வந்து நின்றான். தான் நனைந்தாலும் மடிக்கணினி நனையாதவாறு அதைப் பொலித்தீன் பையிற் சுற்றியிருந்தான். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆந் திகதியுடன் முடிந்துவிட்டதல்லவா? ஆகவே விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவ முயன்றிருக்கிறான். பாதி வழியில், இணையத்துடன் இணைக்குமாறு கேட்டு நின்ற திரை, அதற்கப்பால் நகரவில்லை. கடையொன்றிற் காட்டியபோது மதர்போர்ட்டே பழுதென்று கூறிவிட்டார்களாம்.

"அம்மா தோட்டை அடகு வைக்கப் போகிறா, சேர்" என்றான்.

"பொறு தம்பி, முதலில் அடைப்பு எங்கே என்று பார்ப்போம்" என்றேன்.

மலையூற்றிலிருந்து லயத்துக்குக் குழாயில் நீர் வருகிறது. ஒருநாள் வராது போனால், உடனே தொட்டியை இடிப்பார் உண்டோ? பீலியடியிலிருந்து ஊற்றுவரை குழாயோடு நடந்து, அடைத்த இடத்தைக் கண்டுபிடிப்பர். இணையத்துக்கும் இதுவே முறை. அடைப்பு மூன்று இடங்களில் நேரலாம்.

முதலாவது, கணினிக்குள்ளே. திரையில் வைஃபை பெயர் ஒன்றுமே தோன்றாவிடின், வைஃபை அட்டையை இயக்கும் டிரைவர் என்னும் சிறு மென்பொருள் இல்லையென்று ஐயுறலாம். டிரைவரோ இணையத்தில் இருக்கிறது. இணையத்தை அடையவோ டிரைவர் வேண்டும்! இதற்கு வழி இரண்டு. கைப்பேசியை யூஎஸ்பி கம்பியாற் பொருத்தி, அதன் இணைப்பைக் கணினியுடன் பகிரலாம். அன்றேல், வேறொரு கணினியில், மடிக்கணினியின் மாதிரி இலக்கத்தைக் கொண்டு தயாரிப்பாளரின் தளத்திலிருந்து டிரைவரைப் பெற்று, பென்டிரைவில் எடுத்துவரலாம். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில், அதனை நிறுவும் பொத்தான் அத்திரையிலேயே உண்டு.

இரண்டாவது, வீட்டுக்குள்ளே. பெயர் தோன்றியும் இணையாவிடின், கடவுச்சொல்லையும் தூரத்தையும் பாருங்கள். 5 கிகாஹேர்ட்ஸ் அலை சுவர்களைக் கடக்கையில் விரைவில் நலியும், 2.4 கிகாஹேர்ட்ஸ் அதனினும் தூரம் செல்லும். அதே வைஃபையில் கைப்பேசிக்கும் இணையம் வராவிடின், கணினியிற் குற்றமில்லை.

மூன்றாவது, அப்பாலுள்ள வாயிலில். இணைந்தபின்னும் பிழைச் செய்தி வருமாயின், கணினியின் திகதியைப் பாருங்கள். உள்ளேயுள்ள நாணயமொத்த பற்றரி தீர்ந்தால், கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய்விடும். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குக் காலவரையறை உண்டாகையால், கணினி அவற்றைச் செல்லாதவையெனத் தள்ளிவிடும். திகதியைத் திருத்தினால் வழி திறக்கும்.

மாணவனின் திரையில் ஒரு பெயருமில்லை. என் கைப்பேசியைக் கம்பியாற் பொருத்தினோம். சில நிமிடங்களில் நிறுவுதல் மேலே சென்றது. பின்னர் டிரைவரும் தானே வந்து சேர்ந்தது. அவன் செய்த முதற்காரியம் தாய்க்குத் தொலைபேசியெடுத்ததுதான்.

இத்தடை இன்று தோன்றியதன்று. 2010 அளவில் இலங்கையில் வெளியான ஹந்தானா லினக்ஸ், எங்கள் மலையின் பெயரையே தாங்கி, அலுவலக, கல்வி மென்பொருள்கள் பலவற்றையும் ஒரே டிவிடியில் அடக்கி வந்தது. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12உம், வைஃபை அட்டைகள் பலவற்றுக்கு வேண்டிய பேர்ம்வெயரைத் தன் நிறுவல் வட்டிலேயே சேர்த்துக்கொண்டது. இணையமில்லாத வீட்டை நினைத்துப் பார்ப்பதும் நல்ல தொழில்நுட்பத்தின் இலக்கணமாகும்.

நிறுவத் தொடங்குமுன் உங்கள் கோப்புகளை வேறிடத்திற் பிரதி செய்யுங்கள். டிரைவரையும் முன்கூட்டியே பெற்றுவையுங்கள். திரை நின்றுவிட்டதென்று பதறி வட்டை அழியாதீர்கள். நின்றதெல்லாம் பழுதன்று. குழாயோடு நடந்து பாருங்கள். தோடு காதிலேயே இருக்கட்டும்.