தலையிழந்த இளங்கோவன்

நண்பர் ஒருவர் கும்பகோணத்திலிருந்து ஒரு சிற்றிதழ் நடத்துகிறார். சந்தாதாரர்கள் 340 சொச்சம். மாதாமாதம் விலாசங்களை ஒட்டுத்தாளில் அச்சடித்து, உறையில் ஒட்டி, தபால் நிலையத்துக்குச் சுமந்துபோவார். விலாசப் பட்டியல் பேஜ்மேக்கர் காலத்தில் பாமினி எழுத்துருவில் அடித்தது. போன தீபாவளிக்குப் புதுக் கணினி வாங்கியதும் எனக்குப் போன் செய்தார். “நீதான் கம்ப்யூட்டரைப் பத்தியெல்லாம் எழுதுறியே, இதைக் கொஞ்சம் மாத்திக் குடுத்துடுய்யா.”

எழுதுகிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்று அவர் நம்பினார். நானும் நம்பினேன்.

இந்த மாதிரி பட்டியலை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக சிஎஸ்வி என்று ஒரு கோப்பு வகை இருக்கிறது. ஒரு வரிக்கு ஒரு ஆள். பெயர், வீட்டு எண், தெரு, ஊர், அஞ்சல் குறியீடு, கைபேசி; நடுநடுவே காற்புள்ளி. அவ்வளவுதான். விலாசத்துக்கு உள்ளேயே காற்புள்ளி வந்தால் அந்தக் கட்டத்தை இரட்டை மேற்கோளுக்குள் போடவேண்டும். மேற்கோள் குறியே உள்ளே வந்தால் அதை இரண்டு முறை போடவேண்டும். பல ஆண்டுகளாக ஆளாளுக்கு ஒரு விதமாகச் செய்துகொண்டிருந்ததை 2005-ல்தான் ஆர்எஃப்சி 4180 என்ற குறிப்பில் எழுதிவைத்தார்கள். நான் அதைப் படித்தது பிற்பாடு. முதலில் செய்தது, கோப்பில் அங்கங்கே தெரிந்த மேற்கோள் குறிகளை, பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று, நோட்பேடில் ஒரே தட்டில் நீக்கியது.

கோப்பைத் திறந்தால் இளங்கோவனுக்குத் தலை இல்லை. முதல் கட்டம் காலி, இரண்டாவதில் ‘ளங்கோவன்’. இந்திரா ‘ந்திரா’ ஆகியிருந்தார். ‘அன்பு இல்லம்’ என்று வீட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் நிலைமை இன்னும் மோசம்: ‘அன்பு’ ஒரு கட்டம், ‘ல்லம்’ அடுத்த கட்டம், தெரு ஊருக்குப் போய், ஊர் அஞ்சல் குறியீட்டின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. முருகேசன், கலியபெருமாள், செல்வி எல்லாரும் சௌக்கியம். ‘இ’ என்ற எழுத்து உள்ளவர்களுக்கு மட்டும் வெட்டு.

பாமினியில் தட்டச்சு செய்து வளர்ந்தவர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் தனி எண்கள் புழக்கத்துக்கு வராத காலத்து ஏற்பாடு அது. ஆங்கில எழுத்துகளும் குறிகளும் இருக்கும் நாற்காலிகளில் தமிழ் உருவங்களை உட்காரவைத்தார்கள். கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது ஆங்கிலக் குப்பை. ‘தமிழ்’ என்று திரையில் தெரிவது உள்ளே ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இதில் ‘இ’ உட்கார்ந்திருந்த நாற்காலி காற்புள்ளியுடையது. கோப்பைப் படித்த மென்பொருள் மேல் ஒரு குற்றமும் இல்லை. காற்புள்ளி வந்தால் வெட்டு என்றோம், வெட்டியது. அதைத் தடுத்துக்கொண்டிருந்த மேற்கோள் குறிகளைத்தான் நான் அசிங்கம் என்று நீக்கியிருந்தேன்.

அக்கா மகள் பெங்களூரில் இதே வேலையாக இருக்கிறாள், தரவுகளைக் கழுவிக் காயவைப்பது. போனில் கேட்டேன்.

“காற்புள்ளிதான் பிரச்சினைன்னா அரைப்புள்ளி போட்டுப் பாருங்க மாமா. ஜெர்மனியில எல்லாம் அதான்.”

உண்மைதான். தசமப் புள்ளிக்குப் பதில் அவர்கள் காற்புள்ளி போடுவதால், கட்டங்களைப் பிரிக்க அரைப்புள்ளியை வைத்துக்கொண்டார்கள். படிக்கும் மென்பொருளிடம் ‘பிரிக்கும் குறி எது’ என்று ஒரு கேள்வி இருக்கும். கோப்பை அரைப்புள்ளி வைத்துச் சேமித்து, அதிலும் மாற்றினால் போதும். மாற்றினேன். இந்தத் தடவை முருகேசனும் தப்பவில்லை. பாமினியில் அரைப்புள்ளியின் நாற்காலியில் இருப்பது மெய்யெழுத்தின் புள்ளி. தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு விலாசம் எழுத முடியுமா? 340 பேரும் துண்டு துண்டாகக் கிடந்தார்கள்.

சரி, முதலில் தமிழ் எழுத்துகளுக்குத் தனி எண் தரும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவோம் என்று காற்புள்ளி போட்ட கோப்பை முழுசாக எழுத்துரு மாற்றியில் போட்டேன். மாற்றியும் சொன்னதைச் செய்தது: ‘முருகேசன்இகும்பகோணம்இ612001’. பிரிக்கப் போட்ட காற்புள்ளியெல்லாம் இகரமாகிவிட்டது. அக்கா மகளுக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினேன். ஐந்து நிமிடம் பதில் இல்லை, சிரித்து முடித்திருப்பாள். பிறகு ஒரே சொல் வந்தது: “டேப்.”

டேப் எந்த எழுத்தின் நாற்காலியும் அல்ல. பழைய பட்டியலை டேப் வைத்துப் பிரித்துச் சேமித்து, மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, அதன்பிறகு டேப்பைக் காற்புள்ளியாக்கினேன், மேற்கோள் குறிகளோடு. இளங்கோவனுக்குத் தலை வந்தது.

வந்த தலை ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எல்லாம் கிறுக்கல். யூனிகோடை யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ‘முருகன்’ என்பதில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து ஏழு குறிகள். ஆக 21 பைட். இது யுடிஎஃப்-8 என்று படிக்கிறவருக்குத் தெரியாவிட்டால், ஒவ்வொரு பைட்டையும் ஐரோப்பிய எழுத்தாக எடுத்துக்கொண்டு, தலையில் கோடு போட்ட ‘ஏ’யும் வட்டத்துக்குள் ‘ஆர்’ போட்ட வர்த்தக முத்திரையுமாகக் கொட்டும். கும்பகோணத்துக்காரர்கள் எல்லாரும் தங்கள் பெயரைப் பதிவு செய்து வைத்தது போலிருந்தது. நோட்பேடில் ‘பிஓஎம்’ சேர்த்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்ததும் சரியாயிற்று. கோப்பின் தலையில் அது வைக்கும் மூன்று பைட், ‘இதை யுடிஎஃப்-8 ஆகப் படி’ என்று சொல்லும் பொட்டு.

தமிழ் தமிழாகத் தெரிந்த மகிழ்ச்சியில் ஒன்றிரண்டு விலாசத்தைத் திருத்தி, சேமித்து, அனுப்பிவிட்டேன். நண்பர் ஒட்டுத்தாளில் அச்சடித்து மார்ச் இதழைத் தபாலில் சேர்த்தார். பத்து நாளில் ஒன்பது பிரதிகள் திரும்பி வந்தன.

“என்னய்யா பண்ணி வச்சிருக்க? வீட்டு நம்பருக்குப் பதிலா 12-மேன்னு இருக்கு!”

புது எண் 12, பழைய எண் 5. சென்னைக்காரர்கள் அதை 12/5 என்றுதான் எழுதுவார்கள். இரட்டைச் சொடுக்கில் திறந்தால் மென்பொருள் ஒவ்வொரு கட்டத்தையும் பார்த்து இது என்னவாக இருக்கும் என்று தானே ஊகிக்கிறது. 12/5 தேதியாயிற்று. 45/16 தப்பித்தது, அப்படி ஒரு தேதி இல்லை என்பதால். 91 சேர்த்து எழுதிய 12 இலக்கக் கைபேசி எண்கள் 9.19இ+11 என்ற மாதிரிச் சுருங்கின. (அங்கேயும் ஒரு ‘இ’!) நான் சேமித்ததும் திரையில் தெரிந்ததுதான் கோப்பில் எழுதப்பட்டது. பழைய எண்கள் போனது போனதுதான்.

நன்னூல் உரைகளில் பொதுமொழிக்கு ‘எட்டு’ என்று உதாரணம் காட்டுவார்கள். எண்ணாகவும் படிக்கலாம், எள் + து என்று பிரித்து ‘எள்ளைத் தின்’ என்றும் படிக்கலாம். எது என்பதை இடத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். மென்பொருளுக்கு இடம் தெரியாது. பேராசிரியர்களுக்கே இந்த வம்பு வந்திருக்கிறது. மனித மரபணுக்களில் மார்ச்1, செப்ட்1 என்று பெயர் கொண்டவை இருந்தன. எக்ஸெல் அவற்றைத் தேதிகளாக்கிவிடும். 2016-ல் வந்த ஓர் ஆய்வு, எக்ஸெல் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாகக் கண்டது. கடைசியில் 2020-ல் மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டார்கள்: மார்ச்எஃப்1, செப்டின்1. எக்ஸெல்லில் இந்த ஊகங்களில் சிலவற்றை அணைக்கும் வசதி வந்தது 2023-ல்.

இரட்டைச் சொடுக்கை மறந்துவிடுவதுதான் வழி என்றாள் அக்கா மகள். எக்ஸெல்லைத் திறந்து ‘டேட்டா’ பட்டைக்குப் போய், கோப்பை அங்கிருந்து அழைக்கவேண்டும். ஒரு முன்னோட்டச் சன்னல் வரும். மேலே மூன்று கேள்விகள். கோப்பு எந்த எழுத்துமுறை: 65001, அதாவது யுடிஎஃப்-8. பிரிக்கும் குறி எது: காற்புள்ளி. மூன்றாவதுதான் வில்லங்கமானது, தரவின் வகையை எப்படிக் கண்டுபிடிப்பது. அங்கே இயல்பாக இருப்பது ‘முதல் 200 வரிகளை வைத்து’. எங்கள் பட்டியலில் முதல் 200 பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். நம் அஞ்சல் குறியீடு எதுவும் பூஜ்யத்தில் தொடங்காது. ஆகவே அந்த வரிசை முழுக்க எண் என்று அது முடிவுகட்டும். 300-க்கு மேல் வரும் நியூஜெர்சி எடிசன் வாசகரின் 08820, வெறும் 8820 ஆகும். அதை மாற்றி ‘கண்டுபிடிக்கவே வேண்டாம்’ என்று வைத்தால் எல்லாம் வெறும் எழுத்தாக, அடித்தது அடித்தபடி வரும்.

“எது எண்ணுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?” என்று கேட்டேன்.

“ரெண்டு வீட்டு நம்பரைக் கூட்டுவீங்களா மாமா? கூட்ட மாட்டீங்கன்னா அது எண் இல்ல.”

தேதியாகிப்போனவர்கள் 31 பேர். பழைய பாமினி கோப்பிலேயே 24 பேரின் எண் கிடைத்தது. மீதி ஏழு பேர் நண்பர் பின்னாளில் கையால் சேர்த்தவர்கள். அவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். மயிலாப்பூர்க்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், இதழ் வந்துவிட்டது என்றார்.

“தபால்காரருக்கு என்னை நல்லாத் தெரியும் சார். ஆனா மேல 12-மேன்னு போட்டிருந்தீங்களே, சந்தா முடியற தேதிதானே? அதான் போன வாரமே அடுத்த வருஷத்துக்கும் சேர்த்துப் பணம் அனுப்பிட்டேன்.”