பாளயத்தின் ஓரத்தில் ஓர் இடம்

வேதபகுதி: உபாகமம் 23:12-14



குருமனையின் பழைய குளியலறையும் கழிவறையும் இடிக்கப்பட்டுப் புதியவை கட்டப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஆறு வாரங்களாகக் கொல்லைப்புறத்தில் நான்கு சவுக்குக் கம்புகளை நட்டு, நீலத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டிய மறைப்பே எங்கள் குளியலறை. அதை ஒட்டி, சிமெண்ட் உறை இறக்கிய குழியின்மேல் ஒரு தற்காலிகக் கழிவறை. ஐப்பசி மழையில், டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு வழுக்கும் செங்கற்களின்மேல் நடக்கும்போதெல்லாம் நான் முணுமுணுத்தேன். காற்றில் தார்ப்பாய் விலகிவிடுமோ என்று அஞ்சி, என் மனைவி விடியுமுன்னரே குளித்துவிடுவார். இந்தச் சிரமத்தை முன்வைத்துப் பொறுமையைப் பற்றி ஒரு தியானம் எழுத எண்ணியிருந்தேன். தேவன் வேறொன்றை எனக்குக் காண்பித்தார்.

மூன்றாம் வாரத்தில் என் மனைவி ஒன்றைக் கவனித்தார். கல்வராயன் மலையடிவாரத்திலிருந்து முதல் பேருந்தில் வரும் சித்தாள் சகோதரி, நாள் முழுவதும் கலவை சுமந்தும் தண்ணீர் குடிப்பதில்லை. தேநீர் கொடுத்தாலும் மறுத்துவிடுவார். வற்புறுத்திக் கேட்டபோது தயக்கத்துடன் சொன்னார்: “தண்ணி குடிச்சா எங்கம்மா போறது? வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்கிறேன்.”

அந்த வார்த்தை என்னைக் குத்தியது. எங்களுக்கென்று ஒரு மறைப்பை முதல் நாளே கட்டினோம். அதைக் கட்டித் தந்தவர்களே அந்தத் தொழிலாளர்கள்தாம். அவர்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று நாங்கள் ஒருமுறையும் சொல்லவில்லை. ஆண்கள் வேலியோரம் போய்விடுவார்கள். பெண்கள் எங்கே போவார்கள்?

வேதபகுதியை மீண்டும் வாசித்தேன். அது தேவாலயத்தைப் பற்றியதன்று, போருக்குப் புறப்படும் பாளயத்தைப் பற்றியது. இன்றிருந்து நாளை பெயர்க்கப்படும் கூடாரங்கள் அவை. ஆயினும் பாளயத்திற்குப் புறம்பே அதற்கென ஓர் இடம் இருக்கவேண்டும் என்றும், ஆயுதங்களோடு மண்ணைத் தோண்டும் சிறுகோல் ஒன்றும் இருக்கவேண்டும் என்றும் தேவன் கட்டளையிட்டார். தாம் அந்தப் பாளயத்தின் நடுவே உலாவுகிறவர் என்பதே அதற்கு அவர் சொன்ன காரணம். எசேனியர் என்னும் யூதப் பிரிவினர் தங்களிடம் புதிதாகச் சேர்பவருக்கு இதற்கென ஒரு சிறு கருவியை வழங்கினர் என்று வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். பரிசுத்தம் கழிவிடத்தைக் குறித்தும் பேசுகிறது. “தற்காலிகந்தானே” என்னும் நம் சாக்கை அது ஏற்பதில்லை.

எங்களுக்கு இது ஆறு வாரம். அந்தச் சகோதரிக்கோ ஒரு வேலைத்தலம் முடிந்தால் இன்னொன்று. அவருடைய உழைக்கும் காலம் முழுவதுமே தற்காலிகம். சாமையும் மரவள்ளியும் மழையை நம்பி விளையும் நம் மலைப்பகுதியிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் இப்படித்தான் கட்டட வேலைக்கு இறங்கி வருகின்றன. தண்ணீர் குடியாமலும் சிறுநீரை அடக்கியும் உழைப்பதால் நேரும் தொற்றும் கல்லடைப்பும் அவர்கள் கூலியிலிருந்தே மருத்துவச் செலவாகக் கழிகின்றன.

கட்டடத் தொழிலாளருக்குக் கழிவறை அமைத்துத் தரவேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. ஆனால் பத்துப் பேருக்குக் குறைவாக வேலைக்கு வைப்பவர்களை அது கட்டுப்படுத்தவில்லை. நம் வீட்டு வேலைகளில் பெரும்பாலானவை அவ்வளவு சிறியவையே. சட்டம் கேளாத இடத்தில் வேதம் நம்மைக் கேட்கிறது. அறுவடை செய்தவர்களுடைய கூலியின் கூக்குரல் ஆண்டவரின் செவிக்கு எட்டியது என்று யாக்கோபு எழுதினார். தாகத்திற்கும் அப்படி ஒரு கூக்குரல் உண்டு என்று நான் நம்புகிறேன்.

“நம் கழிவறையை அவர்களுக்கு எப்படிக் கொடுப்பது?” என்று சிலர் தயங்கலாம். அதைக் கூச்சம் என்கிறோம், சுத்தம் என்கிறோம். அதன் அடியில் சாதி இருக்கிறதா என்று ஒவ்வொருவரும் தேவசமுகத்தில் ஆராய்ந்து பார்ப்போம். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்குபெறுகிற நாம், தாழ்ப்பாள் உள்ள ஒரு கதவைப் பகிர மறுத்தால் அந்தப் பாத்திரத்திற்கு என்ன பொருள்?

எங்கள் மறைப்பை ஒட்டி இன்னொன்று அமைக்கக் கொத்தனாருக்கு அரை நாள் போதுமாயிருந்தது. பழைய தார்ப்பாய், ஒரு தகரக் கதவு, உள்ளே ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளித் தண்ணீர். மறுநாள் அந்தச் சகோதரி இரண்டு செம்பு தண்ணீர் குடித்தார். புதிய குளியலறையில் ஓடு பதிக்கும் வேலை முடிந்த பின்னும், கடைசித் தொழிலாளர் போகும்வரை அந்த மறைப்பைப் பிரிக்கமாட்டோம்.

இனி உங்கள் வீட்டு அஸ்திபார ஜெபத்திற்கு என்னை அழைக்கும்போது, கல்லை ஆசீர்வதிக்குமுன் ஒன்று கேட்பேன்: “இங்கே வேலை செய்ய வரும் பெண்கள் எங்கே போவார்கள்?” அதற்கு விடை ஆயத்தமாக இருக்கட்டும். தாமதமாக அதைக் கேட்ட உங்கள் போதகனுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

நம் நடுவே உலாவுகிற கர்த்தர் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.