திருட்டு நடக்கவில்லை என்றவருக்கு வேலை போனது!

காவல்காரர் பாடு எப்போதும் சங்கடம்தான். திருட்டு நடந்தால் திட்டு விழும். நடக்காவிட்டால், "இவருக்கு எதற்குச் சம்பளம்?" என்பார்கள். கணினிப் பாதுகாப்பு வேலையும் அப்படித்தான். ஆனால் அமெரிக்காவில் கிறிஸ் கிரெப்ஸ் என்பவருக்கு நேர்ந்தது இன்னும் விசித்திரம். திருட்டு நடக்கவில்லை என்று சொன்னதற்காகவே அவருக்கு வேலை போனது!

கிரெப்ஸ் கணினிப் பொறியாளர் அல்ல, சட்டம் படித்தவர். மைக்ரோசாஃப்டில் இருந்துவிட்டு 2017-இல் அரசுப் பணிக்குத் திரும்பினார். 2018 நவம்பரில் இணையப் பாதுகாப்புக்கென்று 'சிசா' என்ற அமைப்பு உருவானபோது அதன் முதல் இயக்குநர் ஆனார். நியமித்தவர் அதிபர் டிரம்ப்.

2016 தேர்தலின்போது ரஷ்ய உளவுத்துறையினர் இல்லினாய் மாநில வாக்காளர் தகவல்கள் வரை நுழைந்திருந்தார்கள். அது மறுபடி நடக்காமல் பார்க்க வேண்டும். ஆனால் அமெரிக்காவில் தேர்தலை நடத்துவது மாநிலங்களும் அவற்றின் கீழுள்ள உள்ளூர் அதிகாரிகளும்தான். சிசா அவர்களுக்கு உத்தரவு போட முடியாது. உதவி செய்து, பேசித்தான் சம்மதிக்க வைக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டுக்கும் காகித ஆதாரம் வேண்டும் என்பது அவர்கள் வலியுறுத்திய ஒரு விஷயம். 2002 முதல் காகிதமே இல்லாத இயந்திரங்களில் ஓட்டுப் போட்ட ஜார்ஜியா மாநிலமும் 2020-இல் காகிதத்துக்கு மாறியிருந்தது.

அந்த ஆண்டு நவம்பர் 3-இல் தேர்தல். தோற்ற டிரம்ப், மோசடி என்றார். தேர்தல் அதிகாரிகளோடு சேர்ந்து சிசா நவம்பர் 12-இல் வெளியிட்ட அறிக்கையோ, அமெரிக்க வரலாற்றிலேயே மிகவும் பாதுகாப்பான தேர்தல் இதுதான் என்றது. 17-ஆம் தேதி டிரம்ப் ட்விட்டரிலேயே கிரெப்ஸைப் பதவியிலிருந்து நீக்கினார். இரண்டு நாள் கழித்து, ஜார்ஜியாவில் சுமார் 50 லட்சம் ஓட்டுச்சீட்டுகளைக் கையால் எண்ணிய முடிவு வந்தது. வென்றவர் மாறவில்லை.

கிரெப்ஸ் குறையே இல்லாதவர் என்று சொல்ல முடியாது. சோலார்விண்ட்ஸ் மென்பொருள் வழியாக அரசுத் துறைகளுக்குள் ஊடுருவல் நடந்தது அவர் பதவியில் இருந்தபோதுதான். அதை 2020 டிசம்பரில் கண்டுபிடித்தது சிசா அல்ல, ஒரு தனியார் நிறுவனம்.

ஆனாலும் அவர் செய்த ஒரு காரியம் பெரியது. ஆபத்து இருக்கும்போது "இல்லை" என்பது பொய். இல்லாதபோது "இருக்கிறது" என்பதும் பொய்தான். இரண்டாவது பொய்யை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. தேர்தல் மேலேயே மக்களுக்கு நம்பிக்கை போக வேண்டும் என்பதுதானே தாக்க வந்தவனின் ஆசை? அவன் ஓட்டைத் தொடாமலே அந்த ஆசை நிறைவேறிவிடும்!

கிரெப்ஸ் வாயை மூடிக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் பதவி நிலைத்திருக்கலாம். 2025 ஏப்ரலில், மீண்டும் அதிபரான டிரம்ப், அவருடைய ரகசியத் தகவல் அனுமதியை ரத்து செய்து விசாரணைக்கும் உத்தரவிட்டார். அதாவது, ஒரு உண்மைக்கான விலை நான்கு வருடத்துக்கு மேலாகியும் தீரவில்லை.

இடித்துரைக்கும் துணை இல்லாத அரசனுக்குக் கெடுப்பவர் தேவையில்லை என்று எல்லோரும் பள்ளியில் மனப்பாடம் செய்ததுதான். கணினி யுகத்திலும் அது மாறவில்லை. நல்ல ஃபயர்வாலைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். மேலிடத்துக்குப் பிடிக்காத உண்மையைச் சொல்லும் அதிகாரியை எங்கே போய் வாங்குவது?