கம்பெனி கற்றுக்கொடுப்பது எதை?

"ஆம்பூர்ப் பிள்ளைகளுக்கு டிப்ளமோ எதற்கு? ஷூ கம்பெனியே பள்ளிக்கூடம்" என்று வாதிடுபவர்களுக்கு ஒரு கேள்வி. கம்பெனி கற்றுக்கொடுக்கிறது, சரி. எதை? ஒரே ஒரு வேலையை. ஷூவின் மேற்பகுதியான அப்பரைத் தைக்கச் சேர்ந்த பெண் பத்து வருடம் கழித்தும் அப்பர்தான் தைக்கிறார். பேட்டர்ன் வடிவமைப்பும் விலைக் கணக்கும் அவர் பக்கம் வருவதே இல்லை.

தோல் பதனிடும் டேனரியில் சிக்கல் இன்னும் பெரியது. பாலாற்று மாசு வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் தொழில் நடத்த முடியாது. தோல் ஏற்காமல் நீரில் தங்கும் குரோமியத்தை மீட்பதும் உப்பைப் பிரிப்பதும் கைப்பழக்கத்தில் வருமா? வேதியியல் படித்திருக்க வேண்டும்.

"படித்தவன் வேலையில் நிலைப்பதில்லை" என்கிறீர்கள். படிப்புக்கேற்ற சம்பளம் கொடுத்துப் பார்த்தீர்களா?

படிப்பதற்கு வழி இல்லாமலில்லை. ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கிலும், டிப்ளமோ முடித்தவர் பொறியியல் கல்லூரியிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் மத்திய அரசின் காலணி வடிவமைப்பு நிறுவனமும் உண்டு. ஆனால் தோல் தொழில்நுட்ப டிப்ளமோவுக்கான அரசுக் கல்வி நிலையம் சென்னை தரமணியில் இருக்கிறது. ஷிப்ட் முடிந்து வீட்டில் உலை வைக்கப் போகும் பெண் தரமணிக்கு எப்படிப் போவார்?

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மாலை நேர டிப்ளமோ வகுப்பு வேண்டும் என்று அரசிடம் கேளுங்கள். கட்டணத்தில் பாதியை ஏற்றுமதியாளர்கள் ஏற்கட்டும்.