படியெடுக்கும் நேரத்தில் யார் உள்ளே இருக்கிறார்கள்?

கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் மகளுக்குக் கிராணி வேலை கிடைத்திருப்பதாக ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகிழ்ச்சி. ஆனால் மாலை ஆறு மணி ஆகியும் மகள் வீடு திரும்புவதில்லையாம். கேட்டால், "எல்லாரும் கம்ப்யூட்டரை விட்டு வெளியே வந்த பிறகுதான் நான் நகல் எடுக்க முடியும், அம்மா" என்கிறாளாம். மற்றவர்கள் வேலை செய்துகொண்டிருந்தால் இவளுக்கு என்ன, ஒரு பட்டனைத் தட்டினால் ஆகிற காரியம்தானே, சாக்குச் சொல்கிறாளோ என்று அந்தத் தாய்க்குச் சந்தேகம்.

சாக்கு இல்லை, அம்மா. பெண் சொல்வது நியாயம்.

பெரட்டுக் களத்தைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கங்காணி பெயர் கூப்பிடுகிறார். கிராணியார் செக்ரோலில் குறித்துக்கொண்டே இருக்கிறார். அதே வேளையில் இன்னொருவர் பக்கத்தில் நின்று அந்தச் செக்ரோலைப் பார்த்து வேறு ஏட்டில் படி எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். படி எழுதுபவர் ஒன்றாம் பக்கத்தை முடித்து மூன்றாம் பக்கத்துக்குப் போய்விட்டார். அப்போது கிராணியார் ஒன்றாம் பக்கத்துக்குத் திரும்பி, ஒரு பெயரை அடித்துவிட்டு, ஐந்தாம் பக்கத்தில் வேறு கங்காணியின் கணக்கில் சேர்க்கிறார். படி எழுதுபவர் ஐந்தாம் பக்கம் வந்ததும் அதே பெயரை மறுபடியும் எழுதுவார். படியில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் வேலை செய்கிறார்! ஐந்தாம் பக்கத்திலிருந்தவரை ஒன்றாம் பக்கத்துக்கு மாற்றியிருந்தாலோ, படியில் அவருக்குப் பெயரே இல்லை. செக்ரோலில் பிழை கிடையாது. கிராணியாரும் தவறு செய்யவில்லை. படி மட்டும் பொய் சொல்கிறது.

கணினியிலும் நடப்பது இதுதான். ஓர் உறுப்பினரின் சேமிப்பிலிருந்து 150 வெள்ளியை எடுத்து அவருடைய கடனுக்கு வரவு வைக்கிறார்கள். நமக்கு அது ஒரு வேலை. கணினிக்கு இரண்டு வேலை: ஓரிடத்தில் கழிக்க வேண்டும், வேறிடத்தில் பதிய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நகல் எடுக்கப்பட்டால், அந்த நகலில் சேமிப்பு குறைந்திருக்கும், கடன் அப்படியே நிற்கும். ஒருநாள் மூலக் கணினி பழுதாகி, அந்த நகலையே கணக்கு என்று எடுத்து வைத்தால், 'நான் கட்டினேனே' என்று அந்த மனிதர் ரசீதைத் தேடி அலைய வேண்டியதுதான். ரசீதைத் தகர டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கம் உள்ள பாட்டிமார் புத்திசாலிகள்.

சிறிய அலுவலகங்கள் பலவற்றில் இருப்பது மைக்ரோசாப்ட் ஆக்செஸ். 1992 முதல் இருந்துவரும் பழைய ஆள். கணக்கு முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும். அதைப் பொதுவான இடத்தில் வைத்து நாலைந்து பேர் ஒரே நேரத்தில் திறந்து எழுதுவார்கள். 255 பேர்வரை திறக்கலாம் என்கிறார்கள். இருபது பேருக்கே அது மூச்சு வாங்கும் என்பது என் எண்ணம். யாராவது உள்ளே இருக்கும்வரை கணக்குக் கோப்பின் பக்கத்திலேயே, அதே பெயரில், சின்னதாக இன்னொரு கோப்பு நிற்கும். அதன் பெயர் எல்-ஏ-சி-சி-டி-பி என்று முடியும்; பழைய வகையில் எல்-டி-பி. கடைசி ஆள் ஒழுங்காக மூடி வெளியே வந்ததும் அது தானாக மறைந்துவிடும். உங்கள் மகள் ஆறு மணிவரை காத்திருப்பது அது மறைவதற்காகத்தான். மறையாமல் நின்றால், யாரோ கணினியை மூடாமல் வீட்டுக்குப் போய்விட்டார் என்றோ, மின்சாரம் தடைப்பட்டு அது தங்கிவிட்டது என்றோ பொருள். அழித்துப் பார்க்கலாம், உள்ளே ஆள் இருந்தால் அழியாது. அதற்காக யாருடைய கம்பியையும் பிடுங்கக் கூடாது. பாதி எழுதியிருப்பதை அறுத்தால் மூலக் கோப்பே கெட்டுப்போகலாம்.

அப்படியானால் வங்கியும் மருத்துவமனையும் எந்நேரமும் மூடுவதில்லையே, அவர்கள் எப்படி நகல் எடுக்கிறார்கள்? அங்கே இருக்கும் மென்பொருள் வேறு வகை. போஸ்ட்கிரெஸ் என்று ஒன்று. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986-இல் தொடங்கிய வேலை அது. அது பழைய வரியை உடனே அழிப்பதில்லை. மாற்றத்தைப் புதிய வரியாக எழுதி, பழையதையும் வைத்திருக்கும். நகல் தொடங்கிய கணத்தில் முடிந்திருந்தவை எவையோ அவற்றை மட்டுமே நகல் எடுப்பவர் காண்பார்; மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கலாம். கழித்தலும் வரவும் சேர்ந்து முடிந்திருந்தால் இரண்டும் வரும், இல்லையேல் இரண்டும் வராது.

ஆனால் நல்ல மென்பொருள் இருந்தாலும் போதாது என்பதற்கு ஒரு பெரிய சம்பவம் உண்டு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற நிறுவனத்தில், களைத்துப்போன ஓர் ஊழியர் தவறான கணினியில் கட்டளை கொடுத்து, 300 ஜிகாபைட் அளவிலான தரவை அழித்துவிட்டார். நாலரை மட்டுமே மிஞ்சியது. நகலைத் தேடினார்கள். தினமும் நகல் எடுக்க வேண்டிய நிரல், பதிப்புப் பொருந்தாமல், பல நாளாக வெறுமையையே கொடுத்திருந்தது. பழுது என்று அது அனுப்பிய மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்திருந்த நகல்தான் காப்பாற்றியது. அந்த ஆறு மணி நேரத்து வேலை போனது போனதுதான். இவ்வளவையும் அந்த நிறுவனமே ஒளிக்காமல் உலகத்துக்குச் சொன்னது. அதை நான் மெச்சுகிறேன்.

ஆகவே, அம்மா, உங்கள் மகளிடம் இதையும் கேளுங்கள்: "எடுத்த நகலை வேறு கணினியில் திறந்து பார்த்தாயா?" வாரம் ஒருமுறையாவது திறந்து, உறுப்பினர் எண்ணிக்கையும் மொத்தச் சேமிப்பும் மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். நேற்றைய நகலின் மேல் இன்றையதை எழுதாமல், தேதி போட்டுத் தனித்தனியே வைக்கட்டும். ஒரு நகல் அலுவலகத்துக்கு வெளியே இருக்க வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் பார்த்தோம். கணினியும் நகலும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே நனையும்.

ஆறு மணிப் பிரச்சினைக்கும் வழி உண்டு. மகள் செயலாளரிடம் கேட்டு, ஐந்தேகாலுக்கு எல்லாரும் கணக்கை மூட வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வாங்கிக்கொள்ளட்டும். புதிதாக வந்த பிள்ளை பெரியவர்களைப் பார்த்து 'மூடுங்கள்' என்று சொல்லக் கூச்சப்படும். செயலாளர் கையெழுத்திட்ட காகிதம் கூச்சப்படாது. பேருந்து ஐந்தரைக்கு என்றால், ஐந்து மணி என்றே போடச் சொல்லுங்கள்.