யந்திரத்தின் தேர்வும் அதிகாரியின் கையொப்பமும்

ஊழியரைத் தேர்ந்தெடுத்தல், வருகையைக் குறித்தல், வேலைத்திறனை மதிப்பிடுதல் ஆகிய அலுவல்களைச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் ஒப்படைக்கும் வழக்கம் வேகமாகப் பரவி வருகிறது. ஓர் இடத்திற்கு ஆயிரக்கணக்கான மனுக்கள் குவியும் நாட்டில் இதனை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்குதல் நியாயமன்று. ஆயினும் மனுவை நிராகரிக்கும் அதிகாரத்தையும் யந்திரத்திற்கே விட்டுவிடுவது தகாது.

போட்டிப் பரீட்சைகளில் விடைத்தாளின் வட்டங்களை யந்திரம் படித்து மதிப்பெண் இடுவது பல்லாண்டுகளாக நடைபெறுகிறது. அதனை எவரும் ஆட்சேபிப்பதில்லை. சரியான விடையை மனிதரே முன்கூட்டி வகுக்கின்றனர். பல பரீட்சைகளில் விடைக்குறிப்பும் வெளியிடப்படுகிறது. புதிய கருவியோ விடைக்குறிப்பையே தானாக உண்டாக்கிக்கொள்கிறது. முன்னர் வந்த மனுக்களும் செய்யப்பட்ட நியமனங்களுமே அதற்குப் பாடம். பழைய தேர்வில் ஓரவஞ்சனை இருந்திருப்பின், பாடத்தோடு அதுவும் பதிந்துவிடும்.

அமெரிக்காவின் அமேசான் நிறுவனம் 2014-ல் இத்தகைய கருவி ஒன்றை அமைக்கத் தொடங்கிற்று. மனுதாரருக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் இடுவது அதன் வேலை. பத்தாண்டுகளில் வந்த மனுக்களைக் கொண்டு அதற்குப் பயிற்சி அளித்தனர். அவற்றை அனுப்பியோரில் பெரும்பாலார் ஆண்கள். ஆகவே, பெண்கள் சதுரங்கக் கழகத்தின் தலைவி என்று ஒருவர் எழுதினால், 'பெண்கள்' என்ற சொல்லுக்காகவே அவர் மதிப்புக் குறைந்தது. மகளிர் கல்லூரிகள் இரண்டில் பயின்றோரும் பின்தள்ளப்பட்டனர். அச்சொற்களைப் பொருட்படுத்தாதவாறு கருவியைத் திருத்தினர். எனினும் வேறு வழியில் அதே பேதம் நுழையாது என்பதற்கு உறுதி கிடைக்கவில்லை. முயற்சி கைவிடப்பட்டது. 2018-ல் ராய்ட்டர் செய்தி நிறுவனம் இதனை வெளிப்படுத்திற்று. பெண்களை விலக்குமாறு எவரும் கருவிக்குக் கட்டளையிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. இந்நாட்டில் ஊர்ப்பெயர், கல்லூரி, பயிற்று மொழி ஆகியவை அவ்வாறே சாதிக்கும் வறுமைக்கும் மறைபெயராகிவிடக்கூடும்.

வருகைப் பதிவில் இந்தியாவுக்கே அனுபவம் உண்டு. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில், தனிநபர் பணிகள் நீங்கலாக, தொழிலாளரை நாளுக்கு இருமுறை படமெடுத்துக் கைப்பேசிச் செயலியில் ஏற்றுவது 2023 ஜனவரி 1 முதல் கட்டாயமாயிற்று. இணைப்புக் கிட்டாத இடங்களில் உழைத்தவர் கூலியை இழந்ததாகப் புகார்கள் எழுந்தன. மறுபுறம், படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றிய மோசடிகளும் நிகழ்ந்தன. 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் அவற்றைச் சுட்டிக்காட்டி, கிராம ஊராட்சியில் படங்கள் அனைத்தையும் சரிபார்க்குமாறு உத்தரவிட்டது. மனிதக் கண்ணுக்கு வேலை குறையும் என்று கொணர்ந்த ஏற்பாட்டுக்கு மனிதக் கண்ணே மீண்டும் வேண்டியதாயிற்று!

அரசியலமைப்பின் 311-ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட சில விலக்குகள் தவிர, அரசாங்க ஊழியரைக் குற்றச்சாட்டைத் தெரிவித்து விசாரித்து, அவர் பதிலைக் கேட்காமல் நீக்க இயலாது. காரணம் கூற இயலாத கருவியிடம் எவர் பதில் சொல்வது? அத்தகைய உரிமை ஏதுமில்லாத ஒப்பந்த ஊழியர் நிலை இன்னும் பரிதாபமானது. மனுக்களை வரிசைப்படுத்தவும், பிழைகளைச் சுட்டவும் யந்திரத்தைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நிராகரிப்பிலும் நீக்கத்திலும் பெயர் அறியப்பட்ட அதிகாரி ஒருவர் காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். கருவியை வாங்கும் அலுவலகம், அது தள்ளிய மனுக்களில் ஒரு கட்டை ஒவ்வொரு தேர்விலும் எடுத்து, முதலிலிருந்து முடிய ஆள் வைத்துப் படிப்பதற்கான செலவையும் அதன் விலையோடு சேர்த்துக்கொள்ள வேண்டும்.