கைக்கிளையும் கைபேசியும்

ஆனித் திங்கள் முழுமதியையொட்டிக் காரைக்காலில் நிகழும் மாங்கனித் திருவிழாவைக் கண்டிராதவர் நம் கல்லூரியில் மிகச் சிலரே இருப்பர். பிச்சாண்டவர் வீதியுலா வர, மாடிகளினின்றும் மாங்கனிகள் மழையெனப் பொழிய, கீழே நிற்போர் அவற்றைப் பற்ற ஒருவரையொருவர் முந்துவர். கனியின்மேற் கண்வைத்து நிற்கும் நாம், உலா வரும் அவ்வுருவத்தின் கதையை நினைப்பதில்லை. தாருகாவனத்து முனிவர்தம் பத்தினியர், ஐயமேற்க வந்த அழகனைக் கண்டு தம்மை மறந்தனர் என்பது புராணம். அவன் அவருள் ஒருத்தியையும் விரும்பி வந்தானல்லன். வந்தான், நின்றான், போயினான்; நெஞ்சு இழந்தவர் அவரே. ஒருபுறத்தே எழுந்து மறுபுறம் சென்று சேராத அன்பின் கதை ஆண்டுதோறும் நம் வீதி வழியாகவே செல்கின்றது.

இவ்வன்பிற்குத் தமிழிற் பெயர் தேடவேண்டுவதில்லை. தொல்காப்பியனார் அகத்திணை ஏழனுள் முதலாவதாகக் கைக்கிளையை வைத்தார். மறுமொழி பெறாதவன் தானே சொல்லித் தானே இன்புறுதல் அதன் இயல்பு என்றார். 1956-ஆம் ஆண்டில் ஹார்ட்டன், வோல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர், வானொலியிலும் திரையிலும் தொலைக்காட்சியிலும் தோன்றுவோர்மேல் நேயர் கொள்ளும் உறவை ஆராய்ந்து, அதனைத் தொலைவிலிருந்தே கொள்ளும் நெருக்கம் என விளக்கினர். இஃது எமக்கு முன்னரே தெரியும் என்று நம்மவர் சிலர் மார்தட்டக்கூடும். பெயர் நம்மிடம் இருந்தது உண்மை. நேயனின் உள்ளத்தை வகுத்து ஆராய்ந்தவர் அவரே.

அண்மையில் ஒரு விடுமுறை நாளன்று, அரசலாறு கடலொடு கலக்கும் இடத்தருகே, மாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு படம் காட்டினார். புகழ்பெற்ற நடிகை ஒருவர் அம்மாணவரின் தோளிற் சாய்ந்து, அதே மணலில் நின்று சிரிக்கின்றார். வெயிலும் நிழலும் பொருந்தியிருந்தன. காற்றிற் பறந்த கூந்தலிலும் பிழை காணக் கூடவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் தம் படத்தையும் நடிகையின் படத்தையும் இட்டு, வேண்டுவது இன்னதென இரண்டு வரி எழுதினாராம். ஒரு நிமிடமும் ஆகவில்லையாம். “இதனால் யாருக்கு என்ன நட்டம், ஐயா?” என்றார். அப்பொழுது எனக்கு விடை எழவில்லை. இக்கட்டுரை அவர்க்குக் காலந்தாழ்த்து யான் தரும் விடை.

காதலை நகையாட யான் புகவில்லை. 1944-இல் வெளிவந்த ‘ஹரிதாஸ்’ சென்னையில் மூன்று தீபாவளி கண்டு ஓடியதற்குக் கதை மட்டுமோ காரணம்? பாகவதரின் குரலுக்கு நெஞ்சைக் கொடுத்துவிட்டு அதனை ஒருவரிடமும் சொல்லாது மூத்தவர் எத்துணைப் பேரோ! அவர்க்கெல்லாம் முன்னோடியாகப் புறநானூற்றில் ஒருவர் நிற்கின்றார். பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் என்பது அவர் பெயர். போரவைக்கோப் பெருநற்கிள்ளி என்னும் வீரன்மேற் கொண்ட காதலால் அவர் பாடிய மூன்று பாட்டுக்கள் (83, 84, 85) அந்நூலில் உள்ளன. ஊரார் திரண்டு அவன் போரைப் பற்றித் தத்தமக்குத் தோன்றியவாறு பேச, இவர் ஒரு பனையைச் சார்ந்து நின்று காண்கின்றார். தாய்க்கு அஞ்சுகின்றார்; அவையோர்க்கு நாணுகின்றார். அவன் இவரிடம் பேசியதாகவோ, திரும்பிப் பார்த்ததாகவோ மூன்று பாட்டிலும் ஒரு சொல் இல்லை. எழுத்தாணி தம் கையில் இருந்தும், அவன் தம்மை நோக்கி நகைத்தான் என ஓர் அடி பாடிக்கொள்ள அவர் துணியவில்லை. எழுதியனவெல்லாம் தம் அச்சமும் நாணமும் மேனியிற் படர்ந்த பசப்புமே. கைக்கிளையின் நேர்மை இதுவென யான் கருதுகின்றேன்.

பின்வந்த உலா நூல்கள் வேறு வழிச் சென்றன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழ மன்னர் மூவர்க்கு உலாப் பாடினார். பேதை முதற் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் தெருவில் வந்து மயங்குவர்; மயங்கும்படி அவரை நிறுத்தியவர் அரசவைப் புலவர். அம்மகளிரின் குரல் அதில் யாண்டும் இல்லை. இன்றைய சினிமாச் சுவரொட்டிக்கு உலாவே பாட்டன் எனின் புலவர்கள் என்னைப் பொறுத்தருள்க.

நம் மாணவர் காட்டிய படத்திற்கு இன்னும் நெருங்கிய உறவு மடலேறுதல். காதல் கைகூடாதவன் பனைமடலாற் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தலைவியின் உருவம் எழுதிய கிழியைக் கையிலேந்தி ஊர்த்தெருவில் வருவான். குறுந்தொகைக் காலத்திலேயே இவ்வழக்கம் பேசப்படுகின்றது. பார்ப்பவர் இரங்கினர் என்பர். அக்கிழியில் எழுதப்பட்டவளை யார் கேட்டனர்? அவள் முகத்தை நடுத்தெருவில் விரித்துக் காட்டி, ஊர்வாயால் அவளை நெருக்குவது அன்றோ அது? மடலேறுவேன் என்று சொல்லும் அளவிலே அதனை ஐந்திணைக்குள் இருக்கவிட்டு, ஏறிவிட்டதைப் பெருந்திணையிற் கொண்டுபோய்ச் சேர்த்தார் தொல்காப்பியனார். ஏங்குவது ஒன்று, ஏக்கத்தை மற்றவர்மேல் ஏற்றுவது வேறொன்று. இவ்வெல்லையை அவர் அன்றே கண்டிருந்தார்.

கைபேசிப் படம் இவ்வெல்லையைக் கடக்கின்றது. கிழியில் தலைவியின் முகம் மட்டுமே இருந்தது. இப்படத்தில் அவள் சாய்கின்றாள், சிரிக்கின்றாள், இசைகின்றாள். அவள் தாராத இசைவை அவள் முகத்தைக் கொண்டே எழுதிக்கொள்கின்றோம். மனத்தில் எண்ணுவதும் இதுவும் ஒன்றே அன்றோ என வினவலாம். கனவைப் பிறர் காண்பதில்லை. கண்டவர் பிறர்க்கு அனுப்புவதும் இல்லை.

நட்டம் யாருக்கு என்ற வினாவுக்கு அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று விடை தரும். 2023 நவம்பரில் நடிகை ரஷ்மிகா மந்தனாவின் முகத்தை வேறொரு பெண்ணின் உடலிற் பொருத்திய நிகழ்படம் ஒன்று நாடெங்கும் பரவியது. 2024 ஜனவரியில் டெல்லிக் காவல்துறையினர் ஓர் இளைஞரைச் சிறைப்படுத்தினர். அவர் அந்நடிகையின் பகைவரல்லர். அவர் பெயரால் ரசிகர் பக்கம் நடத்தியவர். பக்கத்தைப் பின்தொடர்வோர் தொகையைப் பெருக்கவே அவர் அங்ஙனம் செய்தார் என்று காவல்துறையினர் கூறினர். அன்பின் பெயரால் நடந்த இப்பக்கத்தில் முகத்தை இழந்தவர் ஒருவரல்லர், இருவர். 2025 செப்டம்பரில் ஐஸ்வர்யா ராய் தம் உருவமும் பெயரும் இங்ஙனம் பயன்படாதபடி டெல்லி உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார். அத்துணைப் பொருளும் வழக்கறிஞரும் உடையார்க்கு அது கூடும். நடிகையின் படம் இட்ட இடத்தில் வகுப்புத் தோழியின் படத்தை இட்டால், செயலி வேற்றுமை அறியாது. அத்தோழியோ எந்த நீதிமன்றத்திற்குப் போவாள்? மாணவ நண்பர்காள், என் அச்சம் நடிகையரைப் பற்றியதன்று.

போற்றுதலும் சிலபோது கேளாமலே நிகழும் என்பதை இங்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்மூர்ப் புனிதவதியாரின் கணவன் பரமதத்தன், அவர்தம் தெய்வத்தன்மை கண்டு அஞ்சி நீங்கி, வேற்றூரில் மற்றொருத்தியை மணந்து, பிறந்த மகட்குப் புனிதவதி என்றே பெயரிட்டான். பின்னர் அவர் அடியிலும் வீழ்ந்தான். இதனைப் பக்தி என்று கேட்டு வளர்ந்தோம். அவன் தொழுத அவர்க்கோ, மனையாளாய் வாழ்ந்த வாழ்வு அவரைக் கேளாமலே முடிந்தது.

இவையெல்லாம் கூறியதனால், கணினியில் ஓவியம் எழுதுவதையே யான் வெறுப்பதாகக் கொள்ளற்க. சென்ற திங்களில் மாணவி ஒருவர் தாம் எழுதிய கணினி ஓவியம் ஒன்றைக் காட்டினார். இரவு, மொட்டைமாடி, கைப்பிடிச்சுவரின் மேல் இரண்டு மாம்பழங்கள். பாயில் ஒரு பெண் கைபேசியைப் பார்த்திருக்கின்றாள். அதன் வெளிச்சம் அவள் முகத்தின் பாதியில் நீலமாக விழுகின்றது. திரையில் யார் என்பது நமக்குத் தெரியாதபடி கைபேசி அவள் பக்கமே திரும்பியுள்ளது. அவளருகே பாயில் இன்னொருவர் அமரும் அளவு இடம் வெறிதாய்க் கிடக்கின்றது.

நெடுநேரம் அதனையே நோக்கியிருந்தேன். திரையில் இருப்பவர் யாரம்மா எனக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேசாதிருந்தார். யானும் மறுபடி கேட்கவில்லை.